மணலடியில் 48 நாட்கள்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். அமீனாவைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆமையைப் பற்றித்தான் சில சொற்கள் கூற விழைகிறேன். பொறாமை, கல்லாமை, இயலாமை ஆகியவற்றையே அப்பழமொழி குறிக்கிறது என்று பொருள் கூறி, அந்த எளிய உயிரைப் பழியிலிருந்து மீட்க முயலும் தமிழாசிரியர்கள் உண்டு. எங்கள் தெருவில் அவ்விளக்கம் எடுபடவில்லை. 2012ஆம் ஆண்டு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மூத்த மகன் ஆமை முட்டைகளைக் காக்கும் மாணவர்களோடு சேர்ந்துகொண்டான் என்று அறிந்ததும், எதிர்வீட்டு அம்மையார் முதலில் எடுத்துவந்தது இந்தப் பழமொழியைத்தான்.

எங்கள் இல்லம் திருவான்மியூரில் உள்ளது. அங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள கடற்கரைக்கு ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட வருகின்றன. பங்குனி ஆமை என்றே அவற்றிற்குப் பெயர். நாய்களும் மனிதரும் அம்முட்டைகளைத் தோண்டி எடுப்பதைக் கண்டு, 1970களிலேயே சிலர் இரவில் கரையோரம் நடந்து அவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கத் தொடங்கினர். 1988 முதல் மாணவர்களே அப்பணியை ஓர் அமைப்பாக நடத்திவருகின்றனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நள்ளிரவில், செருப்பின்றி நடை. "படிப்பு என்னாவது?" என்று என் கணவர் கேட்டார். நானோ, அவன் எங்கே போகிறான் என்று கண்ணால் காணவேண்டும் என்று, ஓரிரவு உடன் சென்றேன்.

அது பிப்ரவரி 28. மணலில் சிறிய டிராக்டர் ஏறி இறங்கியது போன்ற தடம் தெரிந்தது. தாய் ஆமை கடலுக்குத் திரும்பிவிட்டிருந்தது. பின்னங்கால்களால் முழ ஆழத்திற்குக் குடம் போன்ற குழி தோண்டி, முட்டையிட்டு மூடி, தன் உடலையே தூக்கித் தூக்கி அடித்து மணலை இறுக்கிவிட்டுப் போகுமாம். பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. அதைத் தாய்மையின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலத்தில் தன் உடலை இழுத்துக்கொண்டு நகரவே திணறும் உயிர் அது.

மாணவர்கள் மெல்லத் தோண்டினர். பிங்பாங் பந்தின் அளவில், தோல்போன்ற ஓட்டுடன், 116 முட்டைகள். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தான் மகன். "அம்மா, திருப்பிவிடாதே" என்றான். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அழிந்துவிடும். ஆகவே விடியுமுன் அவற்றைப் பொரிப்பகத்திற்குக் கொண்டுசென்று, தாய் தோண்டிய அதே ஆழத்தில், அதே வடிவில் குழி அமைத்துப் புதைத்தனர். ஒரு சிறு பலகையில் நாளும் எண்ணிக்கையும் எழுதப்பட்டன.

அன்றிலிருந்து எனக்கும் அது ஒரு நோன்பாயிற்று. முட்டை பொரிக்க 45 முதல் 60 நாட்கள் ஆகும். மூன்று பிள்ளைகளைப் பெற்றவள் நான். ஆணா பெண்ணா என்று ஊரார் என் வயிற்றைப் பார்த்துச் சோதிடம் சொன்னதுண்டு. ஆமைக்கோ மணலின் சூடுதான் அதனைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் என்றால் இரண்டும் கலந்திருக்கும். சூடு மிகுந்தால் பெண், குறைந்தால் ஆண். மேலும் மேலும் சூடேறினால் எதுவும் பிறவாது. பங்குனி வெயில் ஏற ஏற, பொரிப்பகத்தின் நிழற்பந்தலைக் காணும்போதெல்லாம் அதன் அடியில் இருப்பவற்றை எண்ணி என் நெஞ்சு பதைத்தது. ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நீர் தெளிக்கலாமா என்று கேட்டேன், சிரித்தான்.

48ஆம் நாள் மாலை மணல் சற்றே உள்வாங்கியது என்று செய்தி வந்தது. நாங்கள் குடும்பமாக ஓடினோம். எதிர்வீட்டு அம்மையாரும் வந்தார். ஓட்டை உடைத்தபின் குஞ்சுகள் சில நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டி மணலைக் கீழே தள்ளியபடி ஏறுகின்றன. தனியாக ஒன்று மேலே வருவது அரிது. மணல் ஆறும்வரை மேற்பரப்பின் அடியிலேயே காத்திருந்து, இருட்டியபின் கொதிக்கும் பாலைப்போலப் பொங்கி வெளிவந்தன. 71 குஞ்சுகள்! ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிது. அவற்றைக் கையால் கடலில் விடுவதில்லை. சில கெஜ தூரம் தாமே ஊர்ந்துசெல்ல வேண்டும். தெருவிளக்குகளை நோக்கித் திரும்பிவிடாதபடி, மாணவன் ஒருவன் கடலோரம் கைவிளக்குடன் நின்றான். அலை வந்தது, மணல் வெறுமையாயிற்று. எதிர்வீட்டு அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பழமொழியைப் பற்றி அதன்பின் அவர் பேசியதில்லை.

இத்துடன் நிறுத்தியிருந்தால் இது இனிய கதை. ஆனால் குஞ்சுகள் சென்றபின் கூட்டைத் தோண்டிக் கணக்கெடுப்பது அங்கு வழக்கம். அதற்கும் சென்றேன். அடியில் உயிருடன் 4 இருந்தன. பாதி வெளிவந்த நிலையில் இறந்தவை 9. பொரிக்காத முட்டைகள் 32. அவற்றுள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தனர். கண்ணும் துடுப்பும் ஓடும் முற்றும் அமைந்து, பிறக்க வேண்டியது ஒன்றே மிச்சமாக இருந்த குஞ்சு ஒன்றைக் கண்டேன். மகன் குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தான். அவன் கை நடுங்கியதை நான் மட்டுமே கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

உயிருடன் இருந்த நான்கில் ஒன்று நகரவில்லை. ஈரமணல் நிரப்பிய கூடையில் அதை வைத்து, இரவு முழுதும் அருகில் அமர்ந்திருந்தான். விடியற்காலையில் வீட்டிற்கு வந்தவன், காப்பியைக் கையில் வைத்தபடி, "செத்துப்போச்சு அம்மா" என்று மட்டும் சொன்னான். பத்தொன்பது வயதுப் பிள்ளை. என்ன ஆறுதல் சொல்வது?

வலுவடையும்வரை தொட்டியில் வளர்த்து விடலாகாதா என்று கேட்டேன். வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். தொட்டியிலோ அவை ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். தோலில் புண் வைக்கும். எனினும் பெருமுயற்சியாக அதனைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. பங்குனி ஆமையின் நெருங்கிய உறவான கெம்ப் ஆமை அழியும் தறுவாயில் இருந்தபோது, 1978 முதல் மெக்சிகோ நாட்டுக் கரையிலிருந்து அதன் முட்டைகளை டெக்சாஸ் மாநிலத்தின் பாத்ரே தீவுக்குக் கொண்டுவந்து பொரிக்கவைத்து, குஞ்சுகளைப் பல மாதம் வளர்த்து, அடையாளமிட்டுக் கடலில் விட்டனர். ஓராண்டு, ஈராண்டு, பத்தாண்டு, எதுவும் திரும்பவில்லை. 1996இல்தான் அவ்வாறு வளர்ந்த ஆமைகள் அத்தீவில் முட்டையிட வந்தன. பதினெட்டு ஆண்டுகள் கரையில் நின்று காத்திருந்தவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நம் குஞ்சுகளுக்கு அடையாளம் ஏதுமில்லை. ஆயிரத்தில் ஒன்றே பெரிதாகும் என்று மதிப்பிடுகின்றனர். தப்பியது ஈன்ற கரையை நாடி வர 12 அல்லது 15 ஆண்டுகள் ஆகலாம். ஆகவே 2024 பிறந்ததுமே என் மகன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். இப்போது அவன் கோவையில் பணிபுரிகிறான். தன் மகளுக்குத் தந்தை. தை பிறந்தால் விடுப்பெடுத்து வந்துவிடுவான்.

2025 சனவரியில் அவன் வந்தபோது, சென்னைக் கரையோரம் எங்கும் இறந்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டிருந்தன. சில வாரங்களில் ஆயிரத்திற்கும் மேல். ஆமை நீரில் வாழ்ந்தாலும் காற்றை உண்டு வாழும் உயிர். இழுவை மடியில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர இயலாது மூழ்கிவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கலாகாது என்பது விதி. மடியில் ஆமை தப்பிச்செல்ல வழிவிடும் கருவியும் உண்டு. சிறு படகில் செல்லும் மீனவர் பலர், விலைமிகுந்த தம் வலையையே அறுத்து ஆமையை விடுவிப்பதை நான் அறிவேன். பழியை அவர்கள்மேல் சுமத்துவது அநீதி.

ஒரு மாலை அவனும் நானும் நடந்தோம். ஒவ்வோர் ஆமையின் அருகிலும் அவன் நின்றான். வயிறு பிளந்திருந்த ஒன்றனுள் முட்டைகள் தெரிந்தன. "நம்மளதா இருக்குமோ அம்மா?" என்றான். இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆம் என்று சொல்லவும் வழியில்லை.

அன்றிரவும் மாணவர்கள் நடந்தனர். புதிய பிள்ளைகள், பதினெட்டு, பத்தொன்பது வயதினர். அவனும் உடன் சென்றான். ஒரு மணிக்குமேல் எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். அடையாற்றின் முகத்துவாரத்தை நெருங்கும் இடத்தில் புதுத் தடம் ஒன்று இருந்ததாம். குழியில் 122 முட்டைகள்.