டேஷ்போர்டு மூலையில் இருக்கும் மூணு புள்ளி

1/ அரசு மருத்துவமனையில் நீங்க ஓபி சீட்டு வாங்கறதுல ஆரம்பிச்சு மாத்திரையோட வீட்டுக்குப் போறவரைக்கும் உங்க விவரம் பல இடத்துல கம்ப்யூட்டர்ல ஏறுது. பேர், வயசு, தெரு, போன் நம்பர், நோய். இது வெளிய போச்சுன்னா எல்லாரும் உடனே "ஹேக்கர்"ம்பாங்க. நான் பார்த்தவரைக்கும் ஹேக்கர் தேவையே இல்ல. "எக்ஸ்போர்ட்" பட்டன் ஒண்ணு போதும். அதைப் பத்தி ஒரு த்ரெட் மக்களே.

2/ முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் டேஷ்போர்டுக்கு எதிரி இல்ல. முன்னாடி ஒரு மாசக் கணக்கு எடுக்கணும்னா நர்ஸ் அக்காக்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டி ரெண்டு நாள் உட்காரணும். இப்போ எந்த பிளாக்குல எத்தனை காசநோயாளி மாத்திரையை விட்டிருக்காங்கன்னு ஒரு திரையில தெரியுது. அதனால காப்பாத்தப்பட்ட உயிர் உண்டு.

3/ பிரச்சினை அந்தப் படத்துக்குப் பின்னாடி. திரையில "மாத்திரை விட்டவர்கள்: 42"னு ஒரு பார் தெரியும். பவர் பிஐ மாதிரி மென்பொருள்ல அந்தப் படத்தோட மூலையில மூணு புள்ளி இருக்கும். அதை அழுத்தினா "டேட்டாவை எக்ஸ்போர்ட் செய்"னு வரும்.

4/ அதுல ரெண்டு வகை. ஒண்ணு சுருக்கம்: திரையில பார்க்கிற அதே 42 மட்டும் எக்செல்ல வரும். இன்னொண்ணு அடித்தள டேட்டா: அந்த 42 பேரோட வரிசை வரிசையா விவரம். படத்துல காட்டாத காலம்கூட இதுல சேர்ந்து வரலாம். "படத்துல போன் நம்பர் இல்லையே, அப்புறம் என்ன பயம்"னு நினைக்கிறது தப்பு. எக்செல் ஃபைலா எடுத்தா 1,50,000 வரிசை வரைக்கும் ஒரே தடவையில எடுக்கலாம்.

5/ சில வருஷம் முன்னாடி நடந்தது. ஊர், ஆபீஸ் பேர் வேண்டாம். ஒரு ரிவ்யூ கூட்டத்துல மாத்திரை விட்டவங்க லிஸ்ட் கேட்டாங்க. ஒருத்தர் டவுன்லோட் பண்ணி ரிவ்யூ குரூப்ல போட்டார். அதுல இருந்த ஒருத்தர், "இவங்களைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க"ன்னு ஏரியா தன்னார்வலர் குரூப்புக்கு அனுப்பினார். சாயங்காலம் அது தெரு குரூப்புக்கு வந்துடுச்சு. இதுல யாருமே கெட்ட எண்ணத்துல செய்யல. ஒவ்வொருத்தரும் அவங்க வேலையைத்தான் செஞ்சாங்க.

6/ அந்த லிஸ்ட்ல இருபத்துச் சொச்ச வயசுல ஒரு பொண்ணு. என் ஓபில மாத்திரை வாங்கிட்டிருந்தவங்க. கல்யாணத்துக்குப் பேசி முடிச்சிருந்த சமயம். அவங்க மாத்திரையை விட்டது ஒரே ஒரு வாரம், அதுவும் வாந்தி தாங்க முடியாம. லிஸ்ட் பரவின பிறகு சுத்தமா வர்றதையே நிறுத்திட்டாங்க. களப்பணியாளர் வீட்டுக்குப் போனா அம்மா வாசல்லயே நின்னு, "அப்படி யாரும் இங்க இல்லீங்க"ன்னுட்டாங்க.

7/ காசநோய்ல இது சாதாரண விஷயம் இல்ல. வழக்கமான வகைக்கே ஆறு மாசம் விடாம மாத்திரை போடணும். நடுவுல விட்டா கிருமி மருந்துக்கு அடங்காததா மாறலாம். அதுக்கப்புறம் வைத்தியம் இன்னும் நீளம், இன்னும் கஷ்டம். விட்டவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரத்தான் அந்த லிஸ்ட். கடைசியில அதுவே ஒருத்தரைத் துரத்திடுச்சு. பல வாரம் கழிச்சு வேற ஊர் சென்டர்ல அவங்க திரும்ப ஆரம்பிச்சாங்க. கல்யாணப் பேச்சு நின்னு போச்சு.

8/ வெளிநாட்டுல மட்டும் எல்லாம் ஒழுங்கான்னு கேட்டா, அதுவும் இல்ல. இங்கிலாந்துல பிளாக்பூல் அரசு மருத்துவமனை நிர்வாகம் ஊழியர் பற்றிய சுருக்க அட்டவணைகளை இணையத்துல போட்டுச்சு. அந்த அட்டவணையில டபுள் கிளிக் பண்ணா 6,574 பேரோட தனிப்பட்ட விவரம் வந்துச்சு. 2016-ல 1,85,000 பவுண்ட் அபராதம். வட அயர்லாந்து காவல்துறை 2023 ஆகஸ்ட்ல வெளியிட்ட எக்செல்ல, மறைச்சு வெச்ச ஷீட் ஒண்ணுல 9,483 பேர் விவரம். அங்க போலீஸ்னு வெளிய தெரிஞ்சா உயிருக்கே ஆபத்து. மறைச்சு வைக்கிறது வேற, எடுத்துடறது வேற.

9/ சரி, எக்ஸ்போர்ட்டை மொத்தமா தடை பண்ணிடலாமா? கூடாது. பண்ணா, திரையை போன்ல போட்டோ எடுப்பாங்க. இல்லன்னா பெரிய அதிகாரியோட பாஸ்வேர்டை நாலு பேர் பயன்படுத்துவாங்க. வீடு வீடா போற நர்ஸுக்கு விலாசம் நிஜமாவே வேணும். அது இல்லாம யாரைப் போய்ப் பார்க்கறது? கேள்வி இதுதான்: யாருக்கு, எந்த வரிசை, எந்த காலம்?

10/ டேஷ்போர்டு செய்யறவங்க, வாங்கறவங்க கவனத்துக்கு:

• ரிவ்யூவுக்கான டேஷ்போர்டுல சுருக்கம் மட்டும் எக்ஸ்போர்ட் ஆகற மாதிரி வைங்க. அந்த செட்டிங் ரிப்போர்ட்டுக்கு ரிப்போர்ட் மாத்தலாம்.
• அதைவிட நல்லது, பேர், போன் நம்பரை அந்த டேட்டாவுல ஏத்தவே ஏத்தாதீங்க. இல்லாததை யாரும் டவுன்லோட் பண்ண முடியாது.
• வரிசை அளவிலான கட்டுப்பாடு போடுங்க. ஒரு பிளாக்குக்கான லாகின்ல அந்த பிளாக் நோயாளிகள் மட்டும்தான் வரணும். சரியா போட்டிருந்தா எக்ஸ்போர்ட்லயும் அவ்வளவுதான் வரும்.
• யார், எப்போ எக்ஸ்போர்ட் பண்ணாங்கன்னு லாக்ல பதிவாகும். மாசம் ஒரு தடவையாவது அதைத் திறந்து பாருங்க.
• "ரகசியம்"னு லேபிள் போட்டு என்கிரிப்ட் பண்ணா எக்செல்லுக்குக் கூடவே போகும். சிஎஸ்வி ஃபைலுக்குப் போகாது.

11/ சுருக்கத்துலயும் ஒரு கண்ணி உண்டு. சின்ன கிராமம், எச்ஐவி: 1. பேர் இல்லதான், ஆனா ஊருக்கே தெரிஞ்சிடும். அதனால சின்ன எண்ணிக்கையை "5-க்குக் கீழ்"னு காட்டறது நல்ல பழக்கம்.

12/ சட்டமும் இருக்கு. நோயாளியோட ரகசியத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு 2002 மருத்துவ நெறிமுறை விதி டாக்டரைக் கட்டுது. எச்ஐவி விவரத்தைப் பாதுகாக்கணும்னு 2017 சட்டம் சொல்லுது. தனிநபர் டேட்டாவுக்கு போதிய பாதுகாப்பு இல்லன்னா 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம்னு 2023 சட்டம் சொல்லுது. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு "லிஸ்ட் அனுப்புங்க"ன்னு குரூப்ல மெசேஜ் வரும்போது சட்டம் யாருக்கும் ஞாபகம் வராது. அப்போ அந்த பட்டன்தான் தடுக்கணும்.

13/ பொதுமக்களுக்கு ஒண்ணே ஒண்ணு. நோயாளிகள் லிஸ்ட் உங்க குரூப்புக்கு வந்தா, "ஜாக்கிரதையா இருங்க"ன்னுகூட ஃபார்வர்ட் பண்ணாதீங்க. டெலீட் பண்ணிட்டு, போட்டவங்களையும் எடுக்கச் சொல்லுங்க. காசநோய்க்கு மாத்திரை ஒழுங்கா போட ஆரம்பிச்ச சில வாரத்துலயே பரவற வாய்ப்பு பெரும்பாலும் குறைஞ்சிடும். அவங்க பேர் தெரிஞ்சு உங்களுக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. அவங்க மாத்திரையை விட்டுட்டாதான் அவங்களுக்கும் ஆபத்து, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஆபத்து.

14/ ரிவ்யூ மீட்டிங் நடத்தற நண்பர்கள் இருந்தா இதை அனுப்பி வைங்க. நாளைக்கே அவங்க டேஷ்போர்டைத் திறந்து அந்த மூணு புள்ளியை அழுத்திப் பார்க்கட்டும். என்ன வருதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்.