‘அக்கா, நீ போட்ட ரீல்ஸைப் பார்த்துதான் கழட்டினேன்!’ - தம்பியின் பைக்கும் ஆயாவின் இருமலும்

எங்கள் வீடு காலாப்பட்டில், ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் நான், மாதம் இரண்டு முறையாவது மரக்காணம் வழி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிடுவேன்.

போன வருடம் தம்பி செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினான். பாதிப் பணம் அப்பா கொடுத்தார். மீதி, நான் சீட்டு எடுத்த பணம். ஒரு சனிக்கிழமை ராத்திரி என்னை அழைத்துப்போக பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்து நின்றது.

“என்னடா இது?”

“கேட்-கானைத் தூக்கியாச்சுக்கா. மெக்கானிக் அறுத்து எடுத்துட்டு நேர் பைப்பு போட்டுட்டாரு. இப்ப பிக்கப் பறக்குது!”

அவன் சொன்னது கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. வீட்டுக்கு வந்தால் திண்ணையில் ஆயா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயாவுக்குப் பல வருடமாக இழுப்பு உண்டு. இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு இன்ஹேலரும் இருக்கும். “வண்டியக் கிளப்பினா கண்ணு எரியுதும்மா. சொன்னா கேக்க மாட்டேங்கிறான்” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

“அறிவிருக்கா? யாருடா உன்னை இதைக் கழட்டச் சொன்னது?” என்று கத்தினேன்.

தம்பி பதில் பேசாமல் மொபைலை நீட்டினான். ‘உங்க பைக் பிக்கப் எகிற 5 டிப்ஸ்’. முன்பு வேலை பார்த்த சேனலில் நான் எழுதி, நானே குரல் கொடுத்த ரீல்ஸ். நாலாவது டிப்ஸ், கேட்-கானை எடுப்பது. மத்தியானத்துக்குள் ஒரு வீடியோ வேண்டும் என்றார்கள். அரை மணி நேரத்தில் நாலைந்து வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. ஜர்னலிசம் டிப்ளமோவில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது, ‘சரிபார்த்துவிட்டு எழுது’ என்பதுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போதுதான் படித்தேன்.

வெளியே இரும்புக் குழாய் போலத் தெரியும் அதற்குள் தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கும். இன்ஜினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அங்கே கார்பன் டை ஆக்சைடாக மாறும். எரியாத பெட்ரோல் ஆவி, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகும். நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகும். சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் இந்த நச்சுகளில் பெரும்பகுதியை அங்கேயே முடித்துவிடும்.

இதில் முக்கியமான பெயர் யூஜின் ஹூட்ரி. நம் புதுச்சேரியை ஒருகாலத்தில் ஆண்ட பிரான்ஸில், 1892-ல் பிறந்த இன்ஜினீயர். கார் ரேஸ் பிரியர். வண்டிகள் இன்னும் வேகமாக ஓட நல்ல பெட்ரோல் வேண்டும் என்று தேடி, அதைத் தயாரிக்கும் முறையையே கண்டுபிடித்தவர். பிறகு அமெரிக்காவில் குடியேறியவர், நகரங்களை மூடிய புகையைப் பார்த்துக் கவலைப்பட்டு கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் இறங்கினார். ஆனால், அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அதைக் கெடுத்துவிடும். ஹூட்ரி 1962-ல் இறந்துபோனார். அமெரிக்கக் கார்களில் அது பரவலாக வந்தது 1975 மாடல்களில்தான். இந்தியாவில் 1995 ஏப்ரலில், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது, ஈயம் இல்லாத பெட்ரோலோடு சேர்த்து.

வேகத்துக்காகவே வாழ்ந்த ஒரு மனிதர் யோசித்து உருவாக்கியதை, வேகத்துக்காகக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்!

காலையில் தம்பியிடம் கேட்டேன். “உண்மையைச் சொல்லு. எவ்வளவு வேகம் கூடுச்சு?”

தலையைச் சொறிந்தான். “சத்தம்தான்கா கூடுச்சு. டவுன்ல இருந்து வீட்டுக்கு வர அதே அரை மணி நேரம்தான் ஆகுது.” கோட்டக்குப்பம் நெரிசலில் எந்தப் பைக்கும் பறக்காது. அவனுடையதைப் போன்ற சிறிய இன்ஜினில் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடினாலே அதிகம். இன்ஜினின் கம்ப்யூட்டரும் பழைய குழாய்க்கு ஏற்றபடி செட் செய்யப்பட்டது. குழாயை மட்டும் மாற்றினால் சில நேரம் இழுவை குறையவும் செய்யும்.

மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, காற்று மாசு, ஒலி விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போகும். டவுனிலிருந்து காலாப்பட்டு வர தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்துதான் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் சட்டம் ஒன்றுதான்.

ஆனால், தம்பி மனம் மாறியது சட்டத்தைக் கேட்டு அல்ல. அன்று காலை ஆயா, அவன் சாவியை எடுத்ததுமே திண்ணையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்தபடி கொல்லைப்புறம் போனார். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பழைய கன்வெர்ட்டர் கிடைக்கவில்லை. மெக்கானிக் அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டாராம். கம்பெனி ஒரிஜினலுக்கு என் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. “நான் கொடுத்துடுறேன்கா” என்று மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறான். எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதால் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

“அந்த சைலன்சரை யாருக்காவது வித்துடட்டுமா?” என்று கேட்டான்.

“அது வேற ஒரு ஆயா வீட்டு வாசல்ல போய் நிக்கும்டா.”

அதுவும் எடைக்குப் போனது.

பழைய சேனலுக்கு போன் செய்து, அந்த ரீல்ஸை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். ஆனால் எத்தனை பேர் ஏற்கெனவே டவுன்லோடு செய்திருப்பார்கள்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் படித்தேன். சில நூறு டிகிரி சூடேறிய பிறகுதான் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். கிளப்பிய முதல் சில நிமிடங்களின் புகை, அது இருந்தும் இல்லாததுபோலத்தான். அதனால், தம்பி இப்போது வண்டியைச் சந்து முனைவரை தள்ளிக்கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்கிறான்.

போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்த ஆயா என்னிடம் கேட்டார்: “அவ்வளவு காசு கொடுத்து வாங்கின வண்டி, தினமும் தள்ளிக்கிட்டுப் போறான் பாவம். ரிப்பேரா?”

“இல்ல ஆயா, இப்பதான் சரியாயிருக்கு” என்றேன்.