ஒரு கமா விட்டுப்போனால்

லேபிள், ஹேங்டேக், டீ-சர்ட் பிரிண்ட் என்று ஓடிக்கொண்டிருக்கும் திருப்பூர் டி.டி.பி. மேசைக்கு எப்போதாவது பாட்டு வாத்தியாரின் கையெழுத்து நோட்டும் வந்து சேரும். சரளி வரிசையிலிருந்து கீதம் வரை அடித்துத் தரவேண்டும். ஏழே எழுத்துதானே என்று உட்கார்ந்தால் முதல் பாடத்தின் முதல் வரியிலேயே கை நின்றுவிடும்.

ஸ ரி க ம | ப த | நி ஸ. அந்தக் கடைசி ஸ மேல்ஸ்தாயி. தலையில் ஒரு புள்ளி வேண்டும். தமிழில் தலைப்புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து. பாடத் தெரிந்தவர் குழம்பமாட்டார், மேல் ஷட்ஜம் என்றே எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் அப்படி எடுத்துக்கொள்ளாது. யூனிகோடில் ஸ் என்று அடித்துச் சமாளித்துவிடலாம். அடுத்த பாடத்தில் மேல் ரி வந்தால் என்ன செய்வது? புள்ளி மேல்விலங்கோடு போய் ஒட்டிக்கொள்ளும். சில எழுத்துருக்களில் பக்கத்தில் ஒரு வெற்று வட்டமே முளைக்கும்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் சிக்கல் வேறு. அங்கே புள்ளி தனியாக வரும், எதன் தலையிலும் உட்காரும். ஆனால் அது இருப்பது செமிகோலன் விசையில். கமா விசையில் 'இ' இருக்கிறது. கர்னாடக இசைக் குறிப்புக்கு உயிரே இந்த இரண்டும்தான்: கமா ஒரு எண்ணிக்கைக் கார்வை, செமிகோலன் இரண்டு. ஒவ்வொரு கார்வைக்கும் எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்றி, அடித்து, மறுபடி தமிழுக்கு வரவேண்டும். அலுப்பில் ஒரு கமாவை விட்டால் தாளம் போய்விடும். ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு நான்கு என்று எழுதினால் லகுவுக்கு 16, இரண்டு திருதங்களுக்கும் எட்டெட்டு, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. 'ஸ, ரி , க' என்பதில் ஐந்து எண்ணிக்கை இருக்கிறது. இப்படி எண்ணிக்கொண்டே அடிப்பவரிடம் பிழை அந்த வரியிலேயே பிடிபடும். நோட்டில் இருந்ததை அப்படியே பார்த்து அடிப்பவரிடம் அது அச்சு வரை போகும்.

மேற்கத்திய ஐந்து கோட்டு முறைக்கு வசதிகள் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் 'என்' விசையைத் தட்டி 5 அழுத்தினால் க்வார்ட்டர் நோட், 4 அழுத்தினால் அதில் பாதி. பிறகு 'ஏ' முதல் 'ஜி' வரை எழுத்துகளை அடித்துக்கொண்டே போகலாம். மிடி கீபோர்டில் வாசித்தும் ஏற்றலாம், ஆனால் விரல் இம்மி பிந்தினால் அந்தப் பிந்தலையும் அது சுரமாக எழுதிவைக்கும். அச்சுத் தாளை ஸ்கேன் செய்தால் தானே படித்துக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு. இங்கே எம்ப்ராய்டரி பஞ்சிங் செய்பவர்கள், லோகோவைத் தானாகத் தையலாக்கும் வசதி இருந்தும், தையலின் திசையையும் அடர்த்தியையும் தாங்களே போடுகிறார்கள். இசைக்கும் அந்தக் கவனம் வேண்டும். ஒவ்வொரு சுரமாக அடிக்கும் முறைதான் மெதுவானது, நம்பகமானதும் அதுதான்.

கமகம் வந்தால் எந்த முறையும் திணறும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அது அசைந்துகொண்டே இருக்கும். வெறும் 'க' அதைச் சொல்லாது. 1890களில் சின்னசாமி முதலியார் கர்னாடக உருப்படிகளை ஐந்து கோட்டில் எழுதி அச்சிட்டார். 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் வைத்தார். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் செய்ததை இன்றைய தமிழ் விசைப்பலகையால் செய்ய முடியவில்லை என்பது வருத்தமான விஷயம். வாத்தியார் சுரத்தின் மேல் பேனாவால் இழுத்த வளைவு டைப்பாகும்போது முதலில் காணாமல் போகிறது. வரிக்கு மேல் இடம் விட்டு, அச்சான பிறகு கையால் வரைந்தாவது அதைக் காப்பாற்ற வேண்டும்.

பழைய பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுகிறவர்கள் முதலில் ஒரு பி.டி.எஃப். எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மாற்றியில் போட்டால் மேல் ஸ்தாயியும் மெய்யெழுத்தும் ஒன்றாகிவிடும். தனி எழுத்துருவில் அடித்த கமாக்களில் சில 'இ' ஆகிவிடும். பிறகு ஒருவர் பாட, இன்னொருவர் தாளம் போட, அந்த பி.டி.எஃப். பக்கத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்க்க வேண்டும்.