ஓரியூரில் ஒரு தவக்கால நாள்

மாசி மாதம் சாம்பல் புதன் வந்துவிட்டால், எங்கள் பள்ளத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரே பேச்சாக இருக்கும். "இந்த வருஷம் தியானம் எங்கே?" என்பதுதான் அது. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தை 'மனமாற்றத்தின் காலம்' என்று கோயிலில் சொல்வார்கள். அதில் ஒரு நாளாவது அடுப்பங்கரையை விட்டு வெளியே போய், பேசாமல் உட்கார்ந்து யோசிப்பது எங்கள் வழக்கம். இந்த முறை பெண்கள் மட்டும் ஒரு வேன் பிடித்து ஓரியூர் போனோம்.

பள்ளத்தூர் என்றதும் உங்களுக்கு நகரத்தார் வீடுகளின் முகப்பும் வளவும் ஞாபகம் வரும். அந்த வீதிகளைத் தாண்டி காரைக்குடி, தேவகோட்டை வழியாகத் திருவாடானைக்குப் போனால், ஆதிரத்தினேஸ்வரர் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். அதற்கப்புறம் பனையும் கருவேலமும் கண்மாயும்தான். வெயில் ஏற ஏற வேனுக்குள் ஜெபமாலைச் சத்தமும் குறைந்து, குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். ஓரியூர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தாலும், 1987ல் ஏற்பட்ட சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதனால் எங்களுக்கு அது சொந்த ஊர் மாதிரிதான்.

அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தவர் புனித அருளானந்தர். 1647ல் லிஸ்பன் நகரில் பிறந்த ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கீசியர் அவர். இங்கே வந்து காவி உடுத்தி, மரக்கறி உணவு மட்டும் சாப்பிட்டு, தமிழ் பேசி வாழ்ந்தார். 1686ல் பிடிபட்டு வதைபட்டார். பிறகு விடுதலையாகி ஊருக்குப் போனவர், அங்கேயே இருந்திருக்கலாம். 1690ல் மறுபடி இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் கொல்லப்பட்டார். 1947ல் புனிதர் பட்டம் கிடைத்தது.

அந்த இடத்து மணல் சிவப்பாக இருக்கிறது. அவர் ரத்தம் பட்டுத்தான் சிவந்தது என்பது ஜனங்களின் நம்பிக்கை. நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள், துளி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். இதில் மத வித்தியாசமே இல்லை. பிள்ளைக்கு மொட்டை போடவும், நேர்ந்துவிட்ட ஆட்டைச் சமைத்து எல்லோருக்கும் பரிமாறவும் இந்துக் குடும்பங்களும் வருகின்றன. பிள்ளை வரம் கேட்டுத் தென்னங்கன்று கொண்டுவருகிறவர்களும் உண்டு.

தியானம் நடத்திய கன்னியாஸ்திரி அம்மா, அவர் ஏன் கொல்லப்பட்டார் என்ற கதையைச் சொன்னார். மறவர் சீமையில் தடியத்தேவர் என்று ஒரு பிரபு. கிழவன் சேதுபதி ஆண்ட காலம். தீராத நோய் ஜெபத்தால் தீர்ந்ததென்று தடியத்தேவர் மனம் மாறி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மட்டும் வாழ்வதென்றால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். அவரும் ஒப்புக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அதில் இளையவள் சேதுபதிக்கு உறவுப் பெண். அவள் போய் முறையிட்டாள், வினை மூண்டது. தடியத்தேவர் ஆட்சிக்கு உரிமையுள்ள வம்சம் என்பதால் அரசியலும் கலந்திருந்தது.

இதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். எப்போதும் அந்தப் பெண்தான் கெட்டவள். அவள் பெயரைக்கூட ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அன்றைக்குத்தான் எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "அம்மா, அந்த ஆள் மனம் மாறினது சரி. வீட்டை விட்டு அனுப்பினாரே, அந்தப் பொம்பளைங்க எங்கே போனாங்க? யார் சோறு போட்டாங்க?" என்று கேட்டுவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த அக்காவே மேலே பேசினார். "எங்க வீட்டுக்காரரும் மனம் மாறினவர்தான். குடியை விட்டு மூணு வருஷமாச்சு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. அடகு வெச்ச என் நகையைப் பத்தி என்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை கேட்கலை."

கன்னியாஸ்திரி அம்மா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "இதுக்கு என்கிட்ட பதில் இல்லைம்மா. மத்தியானம் சிலுவைப்பாதை செய்யும்போது எல்லாரும் இதை நினைச்சுக்குங்க" என்றார். பதினான்கு நிலைகளையும் அந்த வெயிலில் நடந்து முடித்தோம். ஒப்புக்குச் சமாதானம் சொல்லாமல் அவர் அப்படிப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. எருசலேம் பெண்களைப் பார்த்து இயேசு பேசுகிற எட்டாவது நிலையில் அந்த அக்கா மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். நாங்களும் நின்றோம்.

மதியம் கஞ்சியும் பயறும்தான். எங்களோடு வந்த ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, அதையும் வேண்டாமென்று ஒதுக்கினாள். பெரியவர்கள் விடவில்லை. திருச்சபையில் கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆக இரண்டு நாள்தான். அதுவும் 18 முதல் 59 வயது வரை. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு விலக்கு உண்டு. தாய் பட்டினி கிடந்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் உடம்பு தளர்ந்துபோகும். "பக்தி உனக்கு, பசி பிள்ளைக்கா?" என்று ஒரு அப்பத்தா அதட்டிய பிறகு இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள்.

ஓரியூர் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிப்ரவரி 4 திருவிழாவில் கூட்டம் நெரியும், கைக்குழந்தையோடு வேண்டாம். தவக்காலத்தில் வார நாளில் போனால் அமைதியாக உட்காரலாம். வழியில் வெயில் கடுமை. குடை, பருத்திச் சேலை, ஆளுக்கு இரண்டு பாட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், குழந்தைக்கு ஒரு தொப்பி இவற்றைத் திருவாடானைக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.