எந்த வைத்தியரை நம்புவது?

பிள்ளைப்பேறு பற்றி எங்கள் வீடுகளில் குமர்ப்பிள்ளைகள் முன்னால் பேசமாட்டார்கள். நாங்கள் வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஆனால், சென்ற வருடம் சாச்சி கர்ப்பமாக இருந்தபோது எழுந்த விவாதம் சுவரைத் தாண்டியும் கேட்டது.

"பொம்பிளை டொக்டர்தான் வேணும், கண்டிக்கே போவோம்" என்றார் உம்மும்மா. சாச்சாவோ பக்கத்திலுள்ள டிக்கோயா ஆதார வைத்தியசாலையே நல்லது என்றார். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 இல் திறக்கப்பட்ட பெரிய வைத்தியசாலை அது.

உம்மும்மாவின் விருப்பம் நியாயமானது. வெட்கத்தால் வாய் திறக்காத பெண் நோயையும் மறைத்துவிடுவாள். பெண் வைத்தியரிடம் மனம்விட்டுப் பேசலாம். ஆனாலும் அவசியம் ஏற்படும்போது ஆண் வைத்தியரிடம் செல்வதை எங்கள் மார்க்கம் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மருத்துவமாது இரு பக்கக் கதையையும் கேட்டுவிட்டு, "ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தம் போனா எங்க போவீங்க?" என்றார். எல்லோரும் மௌனமானார்கள். ஹட்டனிலிருந்து கண்டி வரை வளைவும் பனிமூட்டமுமான பாதை. மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. பிரசவத்தின் பின்னான கடும் இரத்தப்போக்கோ சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

வேறு சிலவற்றையும் பார்க்கச் சொன்னார். இரவிலும் சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் தயாராக இருக்குமா? ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிறார்களா? சத்திரசிகிச்சை ஏன் தேவை என்று வைத்தியர் விளக்குகிறாரா? கேள்வி கேட்டால் எரிந்து விழாமல் பதில் சொல்கிறாரா? பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் உடனிருப்பாரா?

வைத்தியரின் இனத்தையோ மதத்தையோ அவர் கேட்கச் சொல்லவில்லை. 2019 இல் குருநாகல் வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றிய முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மீது, பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பழி சுமத்தப்பட்டது. அவர் கைது செய்யப்பட்டார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. மீண்டும் அவர் பணியில் சேர்க்கப்பட்டார். அந்த வேதனையை அறிந்த நாம், வேற்று இன வைத்தியரைப் பெயரை வைத்து எடைபோடலாமா?

சாச்சி இரண்டு தடவை கண்டியில் பெண் நிபுணரைப் பார்த்தார். மாதாந்தப் பரிசோதனைக்கு ஊர் கிளினிக்குக்கே போனார். பிரசவத்தையும் அருகிலேயே வைத்துக்கொண்டார். இறுதியில் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது, செய்தவர் ஆண் வைத்தியர். தாதியர் சாச்சியின் மறைப்பைப் பேணினார்கள். தாயும் பிள்ளையும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

லயத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் அக்காமாருக்கு இப்படித் தெரிவு செய்யும் வசதி இல்லை. சிங்களத்தில் சொன்னது விளங்காமலே தலையாட்டிவிட்டு வந்ததாக ஓர் அக்கா என்னிடம் சொன்னார். எதற்குத் தலையாட்டினோம் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. மலையகத்துக்குத் தமிழ் பேசும் பெண் வைத்தியர்கள் இன்னும் நிறையத் தேவை. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் தோழியரே, அவர்களில் ஒருவர் ஏன் நம் கல்லூரியிலிருந்து போகக்கூடாது?