பெயரில்லாத முகங்கள்

இரட்டைப் படங்களைக் கண்ணாடியூடாக நோக்கி, வீட்டிலிருந்தவாறே உலகைக் கண்டு களித்தது 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மத்தியதர வர்க்கம். ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரோ மனித முகங்களையே நாடினார். 1863இல், தமது 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்த அவர், டார்வினையும் டெனிசனையும் படம் பிடித்தார். 1875இல் கணவரோடு இலங்கை வந்தார். இங்கே கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

1878இல் அவர் எடுத்த களுத்துறைக் குடியானவர் படமொன்றை வகுப்பிற் காட்டினோம். சிறுமிக்கு வயது 12 என்றும், கிழவர் தம்மை அவளின் தந்தையென்றும் 100 வயதினரென்றும் கூறுவதாகவும் அதன் தலைப்பிலேயே குறிப்புண்டு.

"அவளுக்குப் பெயரில்லையா, சேர்?" என்று கேட்டாள் ஒரு மாணவி, அவளுக்கும் வயது பன்னிரண்டுதான்.

அம்மையாரின் கலைத்திறனை நாம் மறுப்பவரல்லர். ஆயினும் அன்று நம்மால் விடைகூற இயலவில்லை.