வரம்பு இல்லாத வெளிச்சம்



கார் லைட்டைப் பற்றி எழுத ஒரு மௌலவிக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாசித்த பின், இது உங்கள் வீட்டுக்கும் உரிய விஷயமா என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

எனது உம்மாவுக்கு இரு கண்களிலும் புரை விழுந்திருந்தது. கொழும்பு கண் வைத்தியசாலைக்குப் பலமுறை அழைத்துப் போக வேண்டியிருந்தது. காலையில் நேரத்தோடு போய்ச் சேர்வதற்காக, கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊரிலிருந்து நள்ளிரவிலேயே புறப்படுவோம். வாழைச்சேனையைத் தாண்டினால் புணானை, வெலிக்கந்தைக் காட்டு வழி. யானை எந்த இடத்தில் வீதிக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. இருட்டில் படுத்திருக்கும் மாடுகள் வேறு. எங்களுடையது பழைய ஜப்பான் கார். ஹை பீம் போட்டாலும் மங்கிய மஞ்சள் வெளிச்சம்தான் வரும். பின் இருக்கையில் என் மனைவி வழி நெடுக ஓதிக் கொண்டே வருவார். முன்னால் இருக்கும் உம்மாவோ எதிரே வாகனம் வரும் போதெல்லாம், "மகன், லைட்டெல்லாம் பூப்பூவா வெடிக்கிது" என்று சொல்லிக் கண்களைப் பொத்திக் கொள்வார்கள்.

ஒரு நாள் கடையொன்றில் ஸெனோன் லைட் பூட்டிக் கொண்டேன். ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. அடுத்த பயணத்தில் காட்டு வீதி பட்டப்பகல் போலத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மனம் நிறைந்து சொன்னேன்.

அதற்கடுத்த மாதம் கொழும்பிலிருந்து ஊர் வந்து சேரும்போது இஷாவும் முடிந்துவிட்டது. முன்னால் உம்மா, பின்னால் மனைவியும் மூன்று பிள்ளைகளும், டிக்கி நிறையச் சாமான்கள். ஊர் எல்லையில் எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. நான் உடனே டிம் பண்ணினேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் அந்த ஸ்கூட்டர் தடுமாறி, வீதியோரம் இறங்கி, வடிகானுக்குள் சரிந்தது.

ஓடிப் போய்த் தூக்கினோம். முன்பு என்னிடம் ஓதிய ஒரு மாணவி. ஸ்கூட்டரின் முன்னால் நின்று வந்த அவருடைய சின்ன மகனின் நாடி வெடித்து இரத்தம் வடிந்தது. "லைட் வெளிச்சத்துல ஒண்டும் தெரியல்ல மௌலவி. நான்தான் கவனமில்லாம வந்திட்டன்" என்று அந்தப் பிள்ளை என்னிடமே சொன்னது. மகனை எங்கள் காரில்தான் வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். மூன்று தையல் போட்டார்கள்.

வீடு வந்ததும், "நான் டிம் பண்ணினேன்தானே?" என்று மனைவியிடம் கேட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவர், "நாளைக்கு நீங்க ஒருக்கா எதிர்ல நிண்டு பாருங்க" என்றார்.

மறுநாள் இரவு மச்சானை என் காரை ஓட்டி வரச் சொல்லிவிட்டு, நான் வீதியோரத்தில் நின்றேன். கார் டிம் லைட்டில்தான் வந்தது. ஆனாலும் வீதியும் தெரியவில்லை, வடிகானும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர் என்னை நோக்கி வந்தது. கார் கடந்து போன பிறகும் சற்று நேரம் கண்ணுக்குள் பச்சைப் பொட்டுகள்தான். உம்மா பூப்பூவாக வெடிக்கிறது என்று எத்தனை தரம் சொன்னார்கள்! என் காருக்கு எதிரே வரும் உம்மாமாரை நான் ஒரு தரமேனும் நினைக்கவில்லை.

வாகன மின்வேலையில் பழுத்த ஒரு பாஸிடம் காரைக் கொண்டு போனேன். அவர் பழைய பல்பொன்றைக் கையில் எடுத்து விளக்கினார். எச்4 எனப்படும் அந்த ஹெலோஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஹை பீமுக்கு 60 வோட் இழை, டிம்முக்கு 55 வோட் இழை. டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி போல ஒரு தகடு இருக்கிறது. வெளிச்சம் லைட்டின் குழியில் மேல்பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கி வீதியில் விழ வேண்டும் என்பதற்காகவே அந்த மறைப்பு.

ஸெனோனில் இழையே இல்லை. சின்னக் குமிழுக்குள் ஸெனோன் வாயுவும் உலோக உப்புகளும் இருக்கின்றன. 20,000 வோல்ற்றுக்கும் மேல் கொடுத்து அதை மூட்ட ஒரு தனிப்பெட்டி வேண்டும். மூண்டுவிட்டால் 35 வோட்டிலேயே சுமார் 3,000 லுமென் வெளிச்சம் தரும். டிம் இழை தருவதோ ஏறத்தாழ 1,000 லுமென்தான். ஆனால் என் காரின் குழி பழைய இழைக்காக அளந்து செய்யப்பட்டது. புதிய சுடர் அந்த இடத்தில், அந்த வடிவில் அமையாவிட்டால் வெளிச்சம் மேலே சிதறிவிடும். 

"மௌலவி, வயலுக்கு மூணு மடங்கு தண்ணியத் திறந்துட்டீங்க, வரம்பக் கட்டல்லியே" என்றார் பாஸ். விவசாயம் செய்யும் ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

1991இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் முதன்முதலாக ஸெனோன் வந்தபோது, அதற்கென்றே லைட்டைச் செய்து பொருத்தினார்கள். 2,000 லுமெனுக்கு மேற்பட்ட டிம் லைட் என்றால், பாரத்துக்கேற்பத் தானாகத் தாழும் கருவியும் கண்ணாடியைக் கழுவும் கருவியும் வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் சொல்கின்றன. பின்னால் ஆட்களும் சாமான்களும் ஏறினால் காரின் முகம் நிமிர்ந்து, லைட்டும் எதிரே வருபவரின் கண்ணுக்கு உயர்ந்துவிடும். அன்றிரவு எங்கள் கார் அப்படித்தான் நிமிர்ந்து வந்திருக்கிறது.

இன்னுமொன்றும் சொன்னார். ஹை பீமுக்குத் தனி பல்ப் உள்ள கார்களில் அதற்கு மட்டும் ஸெனோன் போட்டால், போட்ட கணத்தில் முழு வெளிச்சம் வராது. சில விநாடிகள் எடுக்கும். யானை அவ்வளவு நேரம் காத்து நிற்குமா?

என் பழைய லைட் மங்கியதற்குக் காரணம் வேறு. முன் பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சளித்திருந்தது. ஏர்த் வயர் துருப்பிடித்திருந்தது. பாஸ் மூடியை மினுக்கி, வயரை மாற்றி, ரிலே ஒன்று வைத்து, பழைய அளவிலேயே நல்ல பல்ப் போட்டார். பிறகு சமதரையில் சுவருக்கு 10 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட்டின் உயரத்திலும் சுமார் 10 சென்ரிமீற்றர் கீழே விழும்படி திருகாணியைத் திருகினார். இப்போது புணானை வீதி போதுமான அளவு தெரிகிறது. அங்கே மெதுவாகவும் போகிறேன்.

மத்ரஸாவில் பாதையின் உரிமைகள் பற்றிய பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். பார்வையைத் தாழ்த்துவதையும், வழியில் செல்வோருக்குத் தொல்லை கொடுக்காதிருப்பதையும் விளக்கும்போது கல்லையும் முள்ளையும் உதாரணம் காட்டுவேன். அந்த வாரம் முள் என்று சொல்ல நா எழவில்லை. நடந்ததைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னேன்.

அதற்கு முன், மனைவியையும் அழைத்துக் கொண்டு அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். "நீங்க கவனமில்லாம வரல்ல. பிழை என்ட லைட்டுலதான்" என்று சொல்லி மாப்புக் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இனி இருட்டினா ஸ்கூட்டர் எடுக்கிறல்ல எண்டு இருந்தன் மௌலவி" என்றார். பிழை தன்னுடையது என்று நம்பி ஒரு தாய் தன் பயணத்தையே நிறுத்தியிருந்தார். என்னைச் சுட்டது அதுதான்.

சகோதரிகளே, உங்கள் கணவரோ மகனோ வெள்ளை லைட் போட விரும்பினால் தடுத்துச் சண்டை பிடிக்காதீர்கள். "இந்தக் குழி இந்த லைட்டுக்குச் செய்ததா?" என்று மட்டும் கேளுங்கள். பூட்டியாகிவிட்டால், குடும்பத்தோடு போகும் அளவு பாரத்தை ஏற்றி ஓட்டி வரச் சொல்லி, அவரையும் ஒரு தரம் எதிரே நின்று பார்க்க வையுங்கள். நீங்களே ஸ்கூட்டரில் போகும்போது எதிர் லைட் கண்ணைக் கூசினால் அதைப் பார்க்காமல், வேகத்தைக் குறைத்து, வீதியின் இடது ஓரத்தைப் பார்த்துப் போங்கள்.

உம்மாவுக்கு இப்போது இரு கண்களிலும் ஒபரேஷன் முடிந்துவிட்டது. போன கிழமை இரவுப் பயணத்தில் எதிரே வந்த லொறியொன்று நேரத்தோடு டிம் பண்ணிக் கடந்து போனது. "அந்தப் புள்ளைக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்" என்றார்கள் உம்மா. முகம் தெரியாத அந்தச் சாரதிக்குக் கிடைத்த அந்த துஆ நமது வீட்டு வாகனங்களுக்கும் கிடைக்கட்டும். ஆமீன்.